பாப்பாவுக்கு, நைனா எழுதுவது

பாப்பா,

நேற்று போனில் உன் குரலே சரியில்லை. மனசு எப்படி இயங்குகிறது என்று மொத்தமாகச் சொல்லும் கோட்பாடெல்லாம் பெரிய பேச்சு, ஒரு துண்டை எடுத்து அளந்து முடி என்று உன் ஆராய்ச்சி வழிகாட்டி சொல்லிவிட்டார் என்றாய். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. ராத்திரி தூக்கமும் வரவில்லை.

போன தடவை மொட்டைமாடியில், கணினியை வைத்து மனசை ஆராய்ந்த அமெரிக்க விஞ்ஞானி ஆலன் நியூவெல் பற்றிச் சொன்னாயே. இதுவா அதுவா என்று தனித்தனிக் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே போனால் சோதனைகள்தான் குவியும், மனசு பிடிபடாது என்று 1973-லேயே எழுதியவர். ஒரு முழு வேலையை எடுத்து அக்குவேறு ஆணிவேறாகப் பாருங்கள் என்றார். சதுரங்கத்தை உதாரணம் காட்டினார்.

எனக்குச் சதுரங்கம் தெரியாது. தண்டையார்பேட்டையில் நாற்பது வருஷமாகக் கேரம் ஆடுகிறேன். ரெட் போட்டாச்சு, ஃபாலோ போடணும். கடல்காற்று ஈரத்தில் போர்டு இழுக்கிறது, பவுடர் போதவில்லை. எதிராளிக்கு ஒரே காய் பாக்கி, அதுவும் பாக்கெட் வாயில். போன வாரம் இதே கோணத்தில் தப்பவிட்டது ஞாபகம் வருகிறது. விரல் சுண்டிவிடுகிறது. இதில் பார்வை எங்கே முடிந்தது, ஞாபகம் எங்கே தொடங்கியது? எவ்வளவு யோசித்தும் என்னால் கோடு கிழிக்க முடியவில்லை, பாப்பா. அதனால்தான் மனசை மொத்தமாகப் பார்க்க வேண்டாமா என்ற உன் கேள்வி நியாயமான கேள்வி என்கிறேன்.

நியூவெலும் கூட்டாளிகளும் மனசு மாதிரி யோசிக்கச் செய்த 'சோர்' என்ற கணினி நிரல், ஒருமுறை தட்டுத்தடுமாறித் தீர்த்ததை மூட்டையாகக் கட்டி வைத்து, மறுமுறை யோசிக்காமல் எடுத்துப் போடும் என்றாய். நம்ம புது வண்ணாரப்பேட்டை காசிமா 2024-ல் அமெரிக்காவில் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினாளே, அவள் கையில் எத்தனை மூட்டை இருக்கும்!

புழு கதையும் நீ சொன்னதுதான். சி. எலிகன்ஸ் என்ற குட்டிப் புழுவுக்கு மொத்தமே 302 நரம்பணு, எது எதோடு இணைகிறது என்ற படம் 1986-லேயே வந்துவிட்டது. இன்றுவரை அந்தப் புழு அடுத்து என்ன செய்யும் என்று முழுசாகச் சொல்ல முடியவில்லை. நமக்கோ சுமார் 8,600 கோடி. துண்டுகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் எப்போது முடியும்?

அளக்கச் சொன்னதை அளந்து கொடு, அதில் குறை வைக்காதே. கூடவே தனியாக ஒரு நோட்டுப் போடு. உன் துண்டு எதோடு ஒட்டுகிறது, எதோடு முட்டுகிறது என்று தினமும் நாலு வரி எழுது.

எனக்கு ஒன்று தெரியணும். தோற்றுக்கொண்டிருக்கும்போது கோபத்தில் என் கை கனத்துப்போகும், தெரிந்த அடியே வராது. அந்த நிரலில் கோபத்துக்கு எங்கே இடம்? ஞாயிற்றுக்கிழமை போனில் நிதானமாகச் சொல்.

அம்மா நெத்திலிக் கருவாடு காயவைத்திருக்கிறாள்.

உன் நைனா