பனிக்காலணிப் பாதிரியாரின் பையில் இருந்தவை

ஆசிரியர் அவர்களுக்கு,

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க எல்லைப்புறத்தில் உழைத்த கத்தோலிக்க மறைப்பணியாளர்களைப் பற்றி எழுதுவோர் குதிரையையும் காட்டையும் சொல்கிறார்கள். பாதிரியார் சுமந்த பையைச் சொல்வதில்லை. அவர் கவலையில் பாதி அதற்குள்தான் இருந்தது.

பையில் முதன்மையானது பலிபீடக் கல். ஆயர் அர்ச்சித்த, புனிதர்களின் திருப்பண்டம் (உடல் எச்சம்) பதித்த சிறு பலகைக்கல் அது. எந்தக் குடிசை மேசையும் அதனால் பீடமாகிவிடும். ஆனால், குதிரை இடறிக் கல் பெரிதாக உடைந்தால் அர்ச்சிப்பு போய்விடும். வேறு கல்லுக்கு ஆயரிடம்தான் போக வேண்டும். பூசைக்கான கோதுமை அப்பம் ஈரத்தில் பூசணம் பிடிக்கும். திராட்சை இரசம் வெயிலில் புளிக்கும், கடுங்குளிரில் உறைந்து புட்டியை உடைக்கும். ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று ஆயர் மந்திரித்த, சடங்குகளுக்கான மூவகை எண்ணெயை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

அக்கால விதிப்படி, நள்ளிரவு முதல் தண்ணீர்கூட அருந்தாமல்தான் பூசை வைக்க வேண்டும். விடியலில் கிளம்பி, பல மைல் நடந்து, மக்கள் தம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் கேட்டு, அதன்பின் பூசை. உடல் எப்படித் தாங்கியிருக்கும்!

இவற்றையெல்லாம்விடப் பெரிய சுமை மொழி. வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிக்கரையில் பனிக்காலணியோடு நடந்து, 'பனிக்காலணிப் பாதிரியார்' எனப் பெயர்பெற்ற பிரெடெரிக் பராகா, 1850-இல் அங்குள்ள பழங்குடியினரின் ஒஜிப்வே மொழிக்கு இலக்கணத்தையும் 1853-இல் அகராதியையும் வெளியிட்டார். பாவசங்கீர்த்தனம் கேட்பவருக்கு அரைகுறை மொழி போதாதே. அந்த அகராதியை இன்றும் ஒஜிப்வே மொழி ஆய்வாளர்கள் புரட்டுகிறார்கள். மறைப்பணி வரலாற்றுக் கட்டுரைகளில் இந்த விவரங்களுக்கும் இடம் தாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்