மண்டபத்தில் வீடு கட்டும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நீ மஸ்கட்டிலிருந்து அனுப்பிய வரைபடத்தையும், புது வீட்டில் என்னென்ன வசதிகள் வேண்டும் என்று எழுதியிருந்த பட்டியலையும் நிதானமாகப் பார்த்தேன். கைபேசியில் திறக்கும் பூட்டு, சொன்னால் எரியும் விளக்கு, வாசலில் கேமரா, எல்லா அறையிலும் ஏசி, மாடியில் சோலார், பின்னால் வாங்கப்போகும் மின்சாரக் காருக்கு சார்ஜர் என்று எதையும் நீ விட்டுவைக்கவில்லை. எல்லாமே நியாயமான ஆசைகள்தாம். ஆனால் அவற்றில் ஒன்றைக்கூட இப்போது வாங்காதே என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கருவிகள் ஐந்தாறு ஆண்டுகளில் பழையதாகிவிடும், விலையும் இறங்கிவிடும்; அவை பின்னால் வந்து உட்காருவதற்கான வழியைச் சுவரிலும் தளத்திலும் இப்போதே விட்டுவைக்காவிட்டால், பிறகு எவ்வளவு பணம் கொடுத்தாலும் பூசிய சுவரை உடைக்காமல் ஒன்றும் செய்ய முடியாது.

அதற்கும் முன்னால் உப்பைப் பற்றிப் பேச வேண்டும். வடகடலும் தென்கடலும் நெருங்கி நிற்கிற இடத்தில் இருக்கிறது உன் மனை. வாடைக் காற்று அடித்தாலும் கச்சான் காற்று அடித்தாலும் சுவரில் வந்து படிவது உப்புதான். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் உப்பரிப்பைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சும் தேவைப்பட்டன என்றால், அந்தக் காற்று எப்படிப்பட்டது என்று யோசித்துப் பார். வீட்டுக்கு அவ்வளவு வேண்டாம். ஆனால் கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 456, கடற்கரைச் சூழலைக் கடுமையான சூழல் என்று வகைப்படுத்தி, கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்30 தரமும் (எண் கூடினால் வலு கூடும்), கம்பியை வெளியே மூடி நிற்கும் கான்கிரீட்டாக 45 மி.மீ. கவரும் கேட்கிறது. நம் பக்கத்தில் வழக்கமாகப் போடுவது எம்20. அதே தரநிலை, கம்பி போட்ட கான்கிரீட்டில் கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. மனையில் போட்டிருக்கும் போர்வெல் தண்ணீரைப் பரிசோதிக்காமல் கலவைக்கு எடுக்க விடாதே. தேவைப்பட்டால் லாரியில் நல்ல தண்ணீர் வாங்கு. இந்தச் செலவைச் சுருக்கிக்கொண்டு அந்தப் பணத்தில் விலையுயர்ந்த பூட்டு வாங்குவதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியாது.

சில மாதங்களுக்கு முன் வேதாளைப் பக்கம் ஒரு வீட்டில் சுவிட்ச் போர்டைக் கழற்றினேன். வெளியே பார்க்கப் புதிதாகத்தான் இருந்தது. ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திருப்பியதும் திருகின் தலை மாவாக உதிர்ந்தது. உள்ளே இருந்த இரும்புப் பெட்டியின் அடிப்பக்கம் ஓட்டையாகியிருந்தது. செம்புக் கம்பியின் முனைகளில் பச்சைப் பொடி பூத்திருந்தது. அந்த வீட்டுக்காரர் அந்தப் போர்டில்தான் வைஃபை சுவிட்ச் மாட்டச் சொல்லி என்னை அழைத்திருந்தார். ஆகவே, உன் வீட்டில் சுவருக்குள் போகும் பெட்டிகள் எல்லாம் பிவிசி ஆகவே இருக்கட்டும். வெளியே வரும் திருகும் போல்ட்டும் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். கடைக்காரர் 304 ரகம் போதும் என்பார், கடலோரத்துக்கு அது போதாது. ஏசியின் வெளிப்புற யூனிட்டைக் கடலைப் பார்த்த சுவரில் மாட்டாமல் காற்று நேராக அடிக்காத பக்கத்தில் வைக்க, வரைபடத்திலேயே இடம் குறித்துக்கொள். கசியும் மின்சாரத்தை மண்ணில் இறக்கும் எர்த் குழியையும் மறந்துவிடாதே. நம் உப்பு மண்ணில் மின்சாரம் எளிதாக இறங்கிவிடும், ஆனால் அதே மண், துத்தநாகம் பூசிய இரும்பான ஜிஐ குழாயைத் தின்றுவிடும். செம்பு பூசிய கம்பி இறக்கி, திறந்து பார்க்கும்படி மூடி வைத்து, ஆண்டுக்கு ஒரு முறை அளந்து பார்க்கச் சொல்.

இனி மின்கம்பிகள் ஓடும் குழாய். சென்ட்ரிங் பலகை அடித்து, கம்பி கட்டி முடித்து, கான்கிரீட் போடுவதற்கு முன் கிடைக்கிற ஒரு நாள்தான் எலெக்ட்ரீஷியனுக்கு உரிய நாள். குழாய்கள் கீழ்க்கம்பிக்கு மேலேதான் ஓட வேண்டும். கம்பிக்கும் பலகைக்கும் நடுவில் நுழைத்தால் அந்தக் கோடு முழுக்கக் கவர் குறைந்து, உப்பு முதலில் அங்கேதான் இறங்கும். ஒவ்வொரு இணைப்பிலும் பசை தடவியிருக்கிறார்களா என்று ஒருவர் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். மறுநாள் சட்டி சுமப்பவர்கள் அவற்றின் மேல்தான் நடப்பார்கள். ஓர் இணைப்பு விட்டுப்போனால் உள்ளே சிமெண்ட் பால் இறங்கி இறுகி, அந்த வழி நிரந்தரமாக அடைந்துவிடும். ஃபேன் பெட்டிகளின் வாயையும் அடைக்கச் சொல். கேமரா வரும் மூலைகள், வைஃபை கருவி வரும் கூடத்தின் நடுப்பகுதி, சோலாருக்காக மாடியிலிருந்து மீட்டர் வரை, காருக்காக மீட்டரிலிருந்து போர்ட்டிகோ வரை எல்லாவற்றுக்கும் தனித்தனிக் காலிக் குழாய் போட்டு, உள்ளே ஒரு நைலான் கயிற்றை மட்டும் விட்டுவை. இணையத்துக்கான கேட் 6 கேபிளை மின்கம்பி ஓடும் குழாயில் சேர்க்கக் கூடாது. கான்கிரீட் போடுமுன் தளத்தையும், பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும், அளவு நாடாவை நீட்டிப் பிடித்துப் படம் எடுத்து அனுப்பச் சொல். பின்னால் யார் எங்கே டிரில் போட்டாலும் அந்தப் படங்கள்தான் காப்பாற்றும்.

சுவிட்சுக்கு மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பியை மட்டும் இறக்குவது நம் ஊர்ப் பழக்கம். நீ கேட்கிற வகைச் சுவிட்சுகளில் பெரும்பாலானவற்றுக்கு, மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியும் வேண்டும். எல்லாப் பெட்டியிலும் நியூட்ரல் இறக்கி, ஆழமான பெட்டியாகப் போடச் சொன்னால் போதும். மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டித்து ஆளைக் காக்க 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும், மின்னழுத்தம் திடீரென எகிறும்போது கருவிகளைக் காக்க எஸ்பிடியும் மெயின் போர்டில் கட்டாயம் இருக்க வேண்டும்.

சோலாரைப் பற்றி நீ எழுதியதில் ஒரு திருத்தம். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்த வீட்டுக்கூரைத் திட்டத்தில் 2 கிலோவாட் வரை ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 30,000 ரூபாயும், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் மொத்தம் 78,000 ரூபாயும் மானியம் உண்டு என்பது சரிதான். 3 கிலோவாட்டுக்குச் சுமார் 300 சதுர அடி இடம் போதும். நாளுக்குச் சராசரி 12 யூனிட் எதிர்பார்க்கலாம். ஆனால் கரண்ட் போனாலும் வீட்டில் விளக்கு எரியும் என்று நீ நினைத்திருக்கிறாய். மின்வாரிய லைனுடன், அதாவது கிரிடுடன், மட்டும் இணைந்த சோலார், லைன் ஆட்களின் பாதுகாப்புக்காக, வெளியே கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும், நல்ல வெயில் அடித்தாலும்கூட. புயல் மாதங்களில் கை கொடுக்க வேண்டும் என்றால் பேட்டரியுடன் கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர் வேண்டும். விளக்கு, மின்விசிறி, ஃப்ரிட்ஜுக்கான லைனை இப்போதே தனியாகப் பிரித்துவிட்டால் பேட்டரியை எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம்.

சித்தப்பா தண்ணீர்த் தொட்டியைக் கன்னிமூலையில்தான் வைக்க வேண்டும் என்கிறார். அவர் மனம் நோக வேண்டாம். ஆனால் மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால், தென்மேற்கில் நிற்கும் உயரமான தொட்டியின் நிழல் பிற்பகல் முழுவதும் மாடிக்குக் குறுக்கே விழும். உயரம் குறைந்த, படுக்கை வாட்டத் தொட்டியாக வை. சோலார் தகடுகள் மாடியின் கிழக்குப் பாதியில் தெற்கு நோக்கிச் சற்றே சாய்ந்து இருக்கட்டும். அவற்றின் கால்களுக்கான பீடங்களை, மாடித் தரையில் தட்டு ஓடு பதிப்பதற்கு முன்பே தளக் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும். பிறகு துளை போட்டால் ஒழுகும், காற்றையும் தாங்காது.

தகடுகளைக் கழுவ உப்புத் தண்ணீர் ஆகாது என்பதால் மழைநீரும் இந்தத் திட்டத்தில் சேர்ந்ததுதான். 100 சதுர மீட்டர் மாடியில் 1 மி.மீ. மழை பெய்தால் 100 லிட்டர் தண்ணீர். ஐப்பசியில் நல்ல மழை பெய்யும் ஒரே நாளில் 5,000 லிட்டர் சம்ப் நிரம்பிவிடும். காவிரிக் குழாய்த் தண்ணீருக்கு ஒரு சம்ப், மழைநீருக்கு மூடிய தனிச் சம்ப் என இரண்டாகக் கட்டு. முதல் மழையின் அழுக்கும் உப்பும் வெளியே போக ஒரு வால்வு இருந்தால் போதும்.

கடைசியாக, அந்த வீட்டில் தினமும் இருக்கப்போவது சித்தப்பாவும் சித்தியும். இணையம் நின்றாலும், கைபேசி தொலைந்தாலும், நீ அங்கே தூங்கிக்கொண்டிருந்தாலும் அவர்களால் விளக்கைக் கையால் போட முடிய வேண்டும், கதவைச் சாவியால் திறக்க முடிய வேண்டும். அந்த வசதி இல்லாத எந்தக் கருவியையும் என் கையால் மாட்ட மாட்டேன். இரவில் சித்தி நடந்தால் தானே எரியும் சிறு விளக்கு ஒன்றைப் படுக்கையறைக்கும் குளியலறைக்கும் நடுவில் வைப்போம். உன் பட்டியலில் அது மட்டும்தான் இல்லை.

இன்ஜினியரிடம் பேசி, குழாய்கள் போகும் வழியைத் தனித்தாளில் வரைந்து வாங்கி எனக்கு அனுப்பு. தளம் போடும் தேதியை ஒரு வாரம் முன்னதாகச் சொல். முந்தைய நாள் முழுவதும் நான் அங்கே இருப்பேன்.

அன்புடன்,
அண்ணன்