மேல்பூச்சு எல்லாச் சாலைக்கும் மருந்தல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாளம் பாளமாக வெடித்த சாலையின் மேல் ‘மைக்ரோ சர்ஃபேசிங்’ போட்டுவிட்டு, ஒரே மழையில் உரிந்துவிட்டது என்று அந்த முறையையே குறை சொல்கிறார்கள். பாலிமர் சேர்த்த தார் எமல்ஷன் (தண்ணீரில் நுண்துளிகளாகக் கலந்த தார்), பொடி ஜல்லி, சிறிது சிமென்ட், தண்ணீர் கலந்த 4 முதல் 8 மி.மீ. பூச்சு அது. மழைநீர் உள்ளே இறங்காமல் தடுக்கும், வழுக்கலைக் குறைக்கும். சாலைக்குப் பலம் சேர்க்காது. அடித்தளம் இளகிய இடத்தில் அதைப் போடுவது, இடியும் சுவருக்கு வெள்ளையடிப்பதுதான்.

முதலில் 3 மி.மீ.க்கு மேல் அகலமான வெடிப்புகளை அடைக்க வேண்டும். குழிகளைச் சதுரமாக வெட்டி ஒட்டுப்போட வேண்டும். பிறகு மண்ணும் எண்ணெய்க் கறையும் போகச் சுத்தம் செய்ய வேண்டும். சித்திரை வெயிலில் கொதிக்கும் சாலையில் லேசாகத் தண்ணீர் தெளிக்காவிட்டால், பரப்பி முடிக்கும் முன்பே எமல்ஷன் உடைந்து, அதாவது தார் தண்ணீரிலிருந்து பிரிந்து, கட்டி தட்டும். பரப்பும் பெட்டி இழுத்த இடமெல்லாம் கோடு விழும். கலவை இறுகுகிறதே என்று இஷ்டத்துக்குத் தண்ணீர் விட்டாலோ தார் மேலே மிதக்கும், ஜல்லி அடியில் தங்கும். முதல் நாள் கறுகறுவென்று அழகாகத்தான் இருக்கும்! ஜல்லியில் களிமண் தூசு கலந்தாலும் பிடிப்பு போய்விடும்.

சரியாகப் போட்டால் சுமார் இரண்டு மணி நேரத்தில் வண்டிகளை விடலாம். சாலை மட்டம் உயர்ந்து வீட்டு வாசல் பள்ளமாகும் தொல்லையும் இல்லை. ஒப்பந்தப்புள்ளியில் வெடிப்பு அடைப்பைத் தனி வேலையாகக் காட்டி, அதை அளந்து பதிவு செய்த பிறகே பூச்சுக்கு அனுமதி தர வேண்டும்.

– வாசகர், திருச்சி