ஜெராக்ஸில் பெரிதாக்கினால் விமானம் ஏன் சேராது? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, ராயபுரத்திலிருந்து வணக்கம்.

டைகர் மாத், ஹெச்டி-2 ஆகிய இரண்டு பயிற்சி விமானங்களின் காகித மாதிரிகளை வாங்கிய பலர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். "பள்ளிக் கண்காட்சிக்குப் பெரிதாக வேண்டும், தாள்களை ஜெராக்ஸ் கடையில் ஏ3-க்குப் பெரிதாக்கிக்கொள்ளலாமா?" வேண்டாம் என்று சொல்லிவிட்டு நிறுத்தினால் அது நியாயமாகாது. காரணத்தையும் எழுதுகிறோம்.

எங்கள் மாதிரிகள் 1:33 அளவில் வருகின்றன. காகித விமானம் செய்பவர்களிடையே பல ஆண்டுகளாக நிலைத்துவிட்ட அளவு அது. டைகர் மாத்தின் இறக்கை நுனிக்கு நுனி 8.94 மீட்டர், மாதிரியில் 27 செ.மீ. ஹெச்டி-2-க்கு 10.72 மீட்டர், மாதிரியில் 32.5 செ.மீ. ஏ4 தாளை ஏ3 ஆக்கினால் எல்லாமே 141 சதவீதம் ஆகும். அப்போது அளவு சுமார் 1:23 ஆகிறது. நீங்கள் எதிர்பார்க்கும் 1:24 அப்போதே கைவிட்டுப் போகிறது. ஆனால் அது சின்ன விஷயம். பெரிய விஷயம், தாளின் கனம் 141 சதவீதம் ஆவதில்லை என்பதுதான்.

நாங்கள் வரையும்போது தாளின் கனத்தையும் சேர்த்தே கணக்குப் போடுகிறோம். மேல்தோலுக்கு 160 ஜிஎஸ்எம் தாள், கனம் ஏறக்குறைய 0.2 மி.மீ. உடலுக்குள் குறுக்கே நிற்கும் அட்டைகள் 1 மி.மீ. வெளிவிட்டம் 20 மி.மீ. வர வேண்டிய ஓர் உருளையை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே நிற்கும் வட்ட அட்டை 19.6 மி.மீ.தான் இருக்க வேண்டும். சுற்றும் தாளின் நீளத்தை 20-க்கும் கணக்கிடக் கூடாது, 19.6-க்கும் கூடாது. தாளின் கனத்துக்கு நடுவே போகும் விட்டமான 19.8-க்குக் கணக்கிட்டால் 62.2 மி.மீ. வரும். இதைக் கவனிக்காமல் வரைந்தால், வாலிலிருந்து மூக்கு வரை போவதற்குள் பிழை சேர்ந்து, கடைசி வளையம் முந்தைய வளையத்துக்குள் நுழையாமல் நிற்கும். பிள்ளைகள் தங்கள் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். கை சரியாகத்தான் இருக்கும், வரைபடம்தான் தப்பு.

அட்டையை அட்டைக்குள் செருக 1 மி.மீ. அகலத்தில் வெட்டுத்தடம் வைத்திருக்கிறோம். பெரிதாக்கினால் அது 1.4 மி.மீ. ஆகும், அட்டை அதே 1 மி.மீ. எலும்புக்கூடு ஆடும். குறுக்கு அட்டைகளுக்கு இடையே உள்ள இடைவெளியும் கூடுவதால் மேல்தோல் குழியும். சிறிதாக்கினால் இதற்கு நேர்மாறு, அட்டை தடத்துக்குள் போகவே போகாது. அதனால் ஒவ்வொரு அளவுக்கும் புதிதாக வரைவதைத் தவிர வேறு வழியில்லை. பள்ளிகளுக்காக 1:24 டைகர் மாத்தை இப்போது தனியாக வரைந்துகொண்டிருக்கிறோம். அதில் மேல்தோலுக்குக் கனமான தாள், உள்ளே அதிக குறுக்கு அட்டைகள், வேறு வெட்டுத்தடங்கள்.

"ஹார்வர்ட் பயிற்சி விமானத்தின் மாதிரி எப்போது?" என்று கேட்பவர்களுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறோம். காகிதம் ஒரு திசையில் வளையும், இரண்டு திசையில் ஒரே நேரத்தில் வளையாது. டைகர் மாத்தின் எஞ்சின் தலைகீழாக வைத்த நான்கு சிலிண்டர்கள் ஒன்றின் பின் ஒன்றாக நிற்பது. அதனால் மூக்கு ஒடுங்கிய பெட்டி மாதிரி, தாளுக்கு ஏற்ற வடிவம். ஹார்வர்டின் எஞ்சினில் ஒன்பது சிலிண்டர்கள் வட்டமாக நிற்கின்றன. அதை மூடும் வளையத்தின் முன்விளிம்பு உள்ளே உருண்டு திரும்புகிறது. ரவிக்கைக்கு டக் பிடிப்பது போலத் தாளை இதழ் இதழாக வெட்டிச் சேர்த்தால் உருண்டை வரும். இதழ் குறைந்தால் முனை முனையாகத் தெரியும், கூடினால் பசைக்கோடுகளே விமானமாகிவிடும். அட்டை வளையங்களை அடுக்கி உப்புத்தாளால் தேய்க்கும் முறையைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். அது பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் கைகூட வேண்டும் என்பது எங்கள் பிடிவாதம். கைகூடும் என்று தெரிந்த பிறகே ஹார்வர்ட் விற்பனைக்கு வரும்.

இனி அளவுகள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டவர்களுக்கு. முன், பக்கம், மேல் என மூன்று கோணங்களில் வரைந்த பழைய வரைபடங்களை அப்படியே நம்புவதில்லை. பிரதி எடுத்துப் பிரதி எடுத்து ஒரு பக்கம் மட்டும் இழுபட்டவை நிறைய. முதலில் இறக்கை நீளத்துக்கும் உடல் நீளத்துக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்கிறோம். டைகர் மாத்தின் உடல் 7.29 மீட்டர், ஹெச்டி-2-இன் உடல் 7.53 மீட்டர். விகிதம் பொருந்தாத வரைபடத்தை ஒதுக்கிவிடுவோம். அப்புறம் இறக்கைச் சாய்வு. மேலிருந்து பார்க்கும் படத்தில், நுனி மேல்நோக்கிச் சாய்ந்த இறக்கை தன் உண்மை நீளத்தைவிடக் குறுகித் தெரியும். 6 டிகிரி சாய்வென்றால் 16 செ.மீ. இறக்கையில் ஏறக்குறைய 1 மி.மீ. காணாமல் போகும். அதைத் திருப்பிச் சேர்த்துத்தான் வரைய வேண்டும்.

டைகர் மாத்தின் மேல் இறக்கை கீழ் இறக்கையைவிட முன்னால் தள்ளி இருப்பதும், இரண்டும் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதும் அழகுக்காக இல்லை. முன் இருக்கையில் இருக்கும் பயிற்றுநர் பாராசூட்டோடு வெளியே குதிக்க வழி வேண்டும் என்று மேல் இறக்கையை முன்னால் நகர்த்தினார்கள். அதனால் கலைந்த சமநிலையை இறக்கைகளைப் பின்னோக்கிச் சாய்த்துச் சரிசெய்தார்கள். 1931-இல் முதன்முதலாகப் பறந்து, 8,000-க்கும் மேல் கட்டப்பட்ட விமானத்தின் முகமே அந்தச் சாய்வில்தான் இருக்கிறது. மாணவர் பின் இருக்கையில்தான் உட்காருவார், தனியாக ஓட்டும்போதும் அங்கேயே. எங்கள் மாதிரியில் ஒரே ஒரு ஆளை வைக்க நினைத்தால் தயவுசெய்து பின்னால் வையுங்கள்.

நிறத்தைப் பற்றித்தான் அதிகச் சண்டை. பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் கருத்துத் தெரிவதால் விமானம் கருப்பு என்று முடிவு கட்ட முடியாது. சிவப்பு ஒளியை உணராத பழைய வகையான ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிமில் மஞ்சள் கருத்துத் தெரியும், நீலம் வெளுத்துத் தெரியும். பயிற்சி விமானங்களுக்கு மஞ்சள் பூசிய காலத்துப் படங்களில் இந்தக் குழப்பம் அடிக்கடி வரும். விமானம் எந்த நாட்டுடையது என்று காட்டும் அடையாள வட்டமும் ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியச் சின்னத்தோடு குழம்பாமல் இருக்க வட்டத்தின் நடுச் சிவப்பை எடுத்தார்கள். சுதந்திரத்துக்குப் பின் சிறிது காலம் அசோகச் சக்கரம், 1950 முதல் மூவண்ணம். இந்திய டைகர் மாத் இத்தனையையும் சுமந்திருக்கிறது. "பொதுவான டைகர் மாத்" என்று ஒன்றை நாங்கள் அச்சிடாததற்குக் காரணம் இதுதான். ஒரு மாதிரி என்றால் ஒரே ஒரு விமானம், ஒரே ஒரு காலம். ஹெச்டி-2-இல் இந்தச் சிக்கல் குறைவு. விமான வடிவமைப்பாளர் வி. எம். காட்கேயின் குழு பெங்களூரில் வடிவமைத்து 1951 ஆகஸ்டில் பறக்கவிட்டபோது மூவண்ண வட்டம் வந்துவிட்டது. டைகர் மாத்தின் இடத்தைப் பிடித்த, நம் நாட்டிலேயே வரைந்து கட்டிய விமானம் அது. எங்கள் மேசையில் அதற்குத் தனி மரியாதை உண்டு.

இனி சில நடைமுறைச் செய்திகள். தாள்களை ஆண்டர்சன் தெருவில் எடுக்கிறோம், நார் ஓடும் திசை பார்த்தே வாங்குகிறோம். நாரோடு உருட்டினால் தாள் இணங்கும், குறுக்கே உருட்டினால் உடைந்து கோடு விழும். அடைமழை நாட்களில் கடற்காற்றும் சேர்ந்து தாள் ஈரம் குடித்து, நாருக்குக் குறுக்கே நீளும். பார்சலைப் பிரித்தவுடன் வெட்டாமல் ஒரு நாள் அறையிலேயே கிடத்திவிட்டு வெட்டுங்கள். கோப்பாக வாங்கி வீட்டில் அச்சிடுபவர்கள், "பக்கத்துக்குப் பொருத்து" என்ற தேர்வை நீக்கிவிட்டு 100 சதவீதத்தில் அச்சிட வேண்டும். முதல் தாளின் ஓரத்தில் 10 செ.மீ. கோடு இருக்கிறது. ஸ்கேலை வைத்துப் பார்த்து, 9.7 வந்தால் மற்ற தாள்களை அச்சிடாதீர்கள்.

ஏற்கெனவே ஏ3-க்குப் பெரிதாக்கி வெட்டிவிட்ட பள்ளிகள் எங்களுக்கு எழுதுங்கள். 1:24 தயாரானதும் உங்களுக்குத்தான் முதலில் வரும், பாதி விலையில். வீட்டில் பெரியவர்கள் யாராவது டைகர் மாத் அல்லது ஹெச்டி-2 பக்கத்தில் நின்று எடுத்த படம் வைத்திருந்தால் பிரதி மட்டும் அனுப்புங்கள், மூலப்படத்தைத் தபாலில் விடாதீர்கள். படத்தின் பின்பக்கம் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் சேர்த்து எடுங்கள்.

அன்புடன்,
காகித விமானப் பட்டறையினர்,
ராயபுரம், சென்னை