ஓய்வு நேரத்தில் தனியாக நிற்கிறானாம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

தைப்பூசத்துக்கு வேலை இருக்கிறது, வர முடியாது என்றாய். சரி. பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலில் எல்லோரும் உன்னைத்தான் விசாரித்தார்கள், பெரியத்தை உட்பட. அவர் போன வருடம் சொன்னதை நீ இன்னும் மனதில் வைத்திருக்கிறாயா? வேண்டாம், விடு. அப்பாவுக்குக் கால்வலி தேவலை.

மாப்பிள்ளைதான் போனில் சொன்னார், டாக்டர் ஆட்டிசம் என்று சொன்ன உன் பிள்ளை பள்ளியில் ஓய்வு நேரத்தில் தனியாக நிற்கிறானாம். தினமும் ராத்திரி நீ அவனை உட்காரவைத்து, “கண்ணைப் பார், பேர் என்ன என்று கேள், கை கொடு” என்று பழக்குகிறாயாம். கண்ணைப் பார் என்று கட்டாயப்படுத்தாதே பாப்பா. பார்ப்பதே அவனுக்குப் பெரிய பாடாகிவிட்டால், எதிரில் இருப்பவன் சொல்வது எப்படிக் காதில் ஏறும்?

அவன் பேசாத பிள்ளையா? என்னிடம் பேசுகிறானே. “சாப்பிட்டியா சாமி?” என்று கேட்டால், எல்ஆர்டி ரயிலில் வரும் மலாய் அறிவிப்பு மாதிரியே “ஸ்தேசென் பெரிகுத்ஞா, வங்சா மாஜு” என்பான், அடுத்த நிலையம் வங்சா மாஜு என்று. நான் “ஸ்ரீ ரம்பாய்” என்பேன். உடனே “செத்தியாவங்சா” என்று சிரிப்பான். இப்படியே மஸ்ஜித் ஜாமேக் வரை போவோம், ஒரு நிலையம் தப்பாது. முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு என்ன ஞாபகசக்தி! அதைப் போய், கேட்டதையே திருப்பிச் சொல்கிறான் என்று நீ அடக்குகிறாய். அவன் பேச்சை ஆரம்பிக்கிற வழியே அதுதான்.

உன் அண்ணன் ஒரு கட்டுரை அனுப்பினான். 2020இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வு, பெரியவர்களை வைத்துச் செய்தது. ஒரு கதையை ஒருவர் காதில் சொல்லி, அவர் அடுத்தவருக்கு, அவர் அதற்கடுத்தவருக்கு என்று சொல்ல வைத்திருக்கிறார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையிலும், இல்லாதவர்கள் மட்டும் இருந்த வரிசையிலும் கதை ஏறக்குறைய ஒரே அளவு தங்கியது. இரு தரப்பும் கலந்த வரிசையில்தான் அதிகம் தொலைந்தது. அப்புறம் எதற்கு நம் பிள்ளையை மட்டும் திருத்திக்கொண்டிருக்கிறாய்?

வகுப்பாசிரியரிடம் போய்ப் பேசு. ஓய்வு 20 நிமிடம்தான், கேண்டீன் சத்தத்தில் பெரியவர்களுக்கே தலை சுற்றும். சத்தமில்லாத ஓர் இடம் கேள். வகுப்பு முழுக்க நண்பர்கள் வேண்டாம், நிதானமான ஒரு பிள்ளை போதும். ஒன்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்க அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல். நான் பள்ளியில் ஆசிரியராக இருந்த காலத்தில் அப்படித்தான் செய்தேன், பலன் கண்டேன். ரயில் பிடிக்கும் பிள்ளையாக இருந்தால் இன்னும் நல்லது.

வேறு பள்ளி பாருங்கள் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வராதே. சிறப்புத் தேவையுள்ள எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது என்று 2019இலேயே கல்வி அமைச்சு கொள்கை கொண்டுவந்துவிட்டது. படித்தவள், பேசத் தெரிந்தவள் நீ. ஆபீசில் பத்துப் பேரை வைத்து வேலை வாங்குகிறாய், அங்கே போய் ஏன் வாயடைத்து நிற்கிறாய்?

அந்த ஓகேயூ அட்டை, மாற்றுத்திறனாளிகளுக்குக் கொடுக்கும் அட்டை விஷயம். டாக்டர் எழுதிக் கொடுத்த பாரம் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறதா? கற்றல் சிரமம் என்ற பிரிவில்தான் ஆட்டிசத்தைப் பதிவார்கள், அந்த வார்த்தையைப் பார்த்துத் தயங்காதே. உன் மாமியார் வீட்டில் தெரிந்துவிடும் என்றா யோசிக்கிறாய்? தெரியட்டும் பாப்பா. அவனுக்கு உதவி கேட்கும்போது அந்த அட்டை கையில் இருக்க வேண்டும். சமூக நலத்துறையில் மனு கொடுத்தாயா இல்லையா, அதை மட்டுமாவது எனக்கு எழுது. துணைக்கு ஆள் வேண்டுமென்றால் சொல், அடுத்த பஸ்ஸில் கோலாலம்பூர் வருகிறேன்.

அன்புடன்,
அம்மா