துணிக்கு உண்டு, தண்ணீருக்கு இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆற்றில் மீன் செத்து மிதந்தால் மறுநாளே படத்தோடு செய்தி வருகிறது. பெரும்பாலும் அது தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோனதால் நடப்பது. சாகாமல், குஞ்சு பொரிக்கும் திறனை மட்டும் இழக்கும் மீன் செய்தியாவதில்லை.

துணி பதப்படுத்தும் ஆலைகளில் அழுக்கெடுக்கவும் ஈரம் ஏற்றவும் விடும் சில திரவங்களில் நோனைல்பீனால் எத்தாக்சிலேட் என்ற வேதிப்பொருள் இருக்கும். சுத்திகரிப்புத் தொட்டிக்குப் போனால் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம். அங்கே பாக்டீரியா அதன் மூலக்கூறின் நீண்ட வாலைத்தான் தின்கிறது; மிஞ்சும் நோனைல்பீனால் முன்னதைவிட மோசம். தண்ணீரில் அவ்வளவாகக் கரையாமல் சேற்றில் ஒட்டிக்கொள்ளும். மீனின் உடலுக்குள் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் வேலையைப் பார்க்கும். முட்டையின் மஞ்சள் கருவுக்கான வைட்டலோஜெனின் புரதத்தை ஆண் மீனின் கல்லீரலும் சுரக்கத் தொடங்கும். பாதிப்பு முற்றினால் விந்தகத்துக்குள் முட்டைச் செல்கள் தோன்றலாம். அதை நுண்ணோக்கியில்தான் பார்க்க முடியும்.

கனடாவின் ஒன்டாரியோவில் ஓர் ஆய்வு ஏரியில் 2001 முதல் 2003 வரை கோடைதோறும் கருத்தடை மாத்திரையிலுள்ள செயற்கை ஈஸ்ட்ரோஜனை லிட்டருக்கு 5–6 நானோகிராம் அளவில் கலந்தார்கள். அங்கிருந்த ஒரு சிறுமீன் இனம் ஏறக்குறைய அற்றே போனது. நோனைல்பீனாலின் வீரியம் அதைவிட வெகு குறைவுதான். ஆனால் அது ஆற்றில் சேர்வது மைக்ரோகிராம் (ஆயிரம் நானோகிராம்) கணக்கில்.

2021 பிப்ரவரி முதல், துவைத்து உடுத்தும் துணியில் இந்த எத்தாக்சிலேட் எடையில் 0.01 சதவீதத்தைத் தொட்டால் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்க முடியாது. திருப்பூரிலிருந்து போகும் பனியனுக்கும் இதே விதிதான். ஆற்றுநீருக்கு வழக்கமாகப் பார்க்கும் பி.ஓ.டி., சி.ஓ.டி. (கழிவு இழுக்கும் ஆக்சிஜன்), டி.டி.எஸ். (கரைந்த திடப்பொருள்) எண்களிலோ இந்தப் பொருள் தனியாகத் தெரியவே தெரியாது.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் மீன்வளத் துறையும் சேர்ந்து ஆண் மீனின் ரத்தத்தில் வைட்டலோஜெனின் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். கழிவு கலக்கும் இடத்துக்கு மேலும் கீழும், ஒரே வாரத்தில், இடத்துக்குப் பத்து சாதாக்கெண்டையாவது பிடிக்கலாம். ஜிலேபி மீன் வேண்டாம், ஆண் மீனாக மாற்ற ஹார்மோன் தீவனம் கொடுத்த பண்ணைக் குஞ்சுகள் ஆற்றில் கலந்திருக்கக்கூடும். வால் ரத்தக்குழாயில் எடுத்த ரத்தத்தை உடனே ஐஸில் வைத்து, புரதம் சிதையாமல் காக்கும் அப்ரோட்டினின் சேர்க்க வேண்டும். தாமதித்தால் புரதம் சிதைந்து, பாதிப்பே இல்லை என்று முடிவு வரும். அந்தப் புரதத்தை அளக்கும் எலிசா சோதனைக் கிட்டும் கெண்டைக்கு உரியதாக இருக்க வேண்டும். கூடவே எடுக்கும் நீர் மாதிரிக்கு மெத்தனாலில் அலசிய கண்ணாடிப் புட்டிதான். சோப்புப் போட்டுக் கழுவிய புட்டியோ பிளாஸ்டிக் கேனோ ஆகாது.

இப்படிக்கு,
நீர்வாழ் உயிரியல் ஆய்வாளர்கள் சிலர்,
ஈரோடு