ஆணி ஓட்டை

அட்லாண்டா
ஞாயிறு இரவு

அன்புள்ள பாஸ்கர்,

மூன்று வாரமாக உனக்குப் பதில் போடாமல் இருந்தது தப்புதான். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று தங்கச்சி சொன்னாள், நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம். சின்னவன் உன் போட்டோவைப் பார்த்து "தாடி மாமா எப்போ வருவார்" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

கண்ணால் பார்க்காமல் உனக்கு எதுவும் சொல்ல மனசு வரவில்லை. அதனால்தான் தாமதம். நேற்று விடியற்காலையில் கிளம்பி, நாலு மணி நேரம் வண்டி ஓட்டி நாஷ்வில் போய், எஃப்.டி.யை உடைத்து வாங்கப்போவதாக நீ எழுதியிருந்த அந்த 1963 ஸ்ட்ராட்டை, அதுதான் ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலக்ட்ரிக் கிட்டாரை, பார்த்துவிட்டு வந்தேன்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன் மாப்ள. கையில் எடுத்ததும் ஒரு நிமிஷம் எனக்குப் பேச்சு வரவில்லை. நெக்கின், அதாவது கிட்டார் கழுத்தின், பின்பக்கம் பாலிஷ் தேய்ந்து மரமே தெரிகிறது. அறுபது வருஷமாக யார் யாரோ கட்டைவிரல் வைத்துத் தேய்த்த இடம், ஆச்சி வீட்டுத் திண்ணைத் தூண் மாதிரி வழவழவென்று இருக்கிறது. கம்பிகளைச் சேர்த்து மீட்டி ஒரு 'ஈ' கார்டு (E chord) போட்டேன். அந்த நாளில் நம் செல்வினின் ஆம்ப்ளிஃபயரில் நாம் எவ்வளவு முயன்றும் வராத அந்த மணிச் சத்தம் சும்மா வந்தது. உனக்கு ஏன் அந்த ஆசை என்று எனக்குத் தெரியாதா? எனக்கும் அதே ஆசைதான்.

அப்புறம் முன்பக்கத்துப் பிளாஸ்டிக் தகடான பிக்கார்டையும் நெக்கையும் கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டேன். கடைக்காரர் தயங்காமல் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்தார். நெக்கின் அடியில் 1963 மார்ச் முத்திரை இருந்தது. அது சரி. ஆனால் உடம்பில் எனக்குச் சந்தேகம். அந்தக் காலத்தில் ஃபெண்டர் தொழிற்சாலையில் கிட்டார் உடம்பில் சின்னச் சின்ன ஆணிகளை அடித்து, பெயின்ட் காயும்போது அது மேஜையில் படாமல் ஆணிகளின் மேல் நிறுத்திவைப்பார்கள். காய்ந்த பிறகு ஆணியைப் பிடுங்குவார்கள். அதனால் ஒரிஜினல் பெயின்ட் என்றால் அந்த ஓட்டைக்குள் பெயின்ட் படாத வெறும் மரம் தெரிய வேண்டும். டார்ச் அடித்துப் பார்த்தேன். மூன்று ஓட்டை, மூன்றுக்குள்ளும் பெயின்ட். யாரோ எப்போதோ சுரண்டிவிட்டுத் திரும்ப அடித்திருக்கிறார்கள். கடைக்காரரும் குனிந்து பார்த்தார், முகம் சுருங்கிவிட்டது. அவரும் நம்பித்தான் வாங்கியிருக்கிறார்.

பெயின்ட் மாறியிருந்தால் விலை கிட்டத்தட்ட பாதி என்பது இந்த வியாபாரத்தில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. 22,000 டாலர் சொன்ன கிட்டார் அங்கேயே 11,000 ஆகிவிட்டது. நம் பணத்தில் ஒன்பது லட்சத்துக்கு மேல்! எல்லாவற்றையும் மாட்டி மறுபடி அதே ஈ கார்டைப் போட்டேன். அதே சத்தம். கழற்றும் முன் வாசித்ததும் அதே கிட்டார்தானே? அப்படியானால் அந்த ஒன்பது லட்சம் சத்தத்துக்கா இருந்தது? பெயின்டில் யாரும் கை வைக்காமல் இருந்தது என்பதற்குத்தான் அந்தப் பணம். திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு இதே யோசனை.

யோசித்துப் பார். 1965 ஜனவரியில் ஃபெண்டர் கம்பெனியை சி.பி.எஸ். என்ற அமெரிக்க டி.வி. கம்பெனி 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு வாங்கியது. அதற்கு முந்தையது என்றால் ஒரு விலை, பிந்தையது என்றால் வேறு விலை. டிசம்பரில் கம்பி அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்புக்குக் காயில் சுற்றிய கைகள்தானே பிப்ரவரியிலும் சுற்றின? பிறகு தரம் இறங்கியது உண்மை, ஆனால் ஒரே ராத்திரியில் இறங்கவில்லை. இன்னொரு கம்பெனியான கிப்சனின் லெஸ் பால் கிட்டாரில், ஓரம் சிவந்து நடு மஞ்சளாக இருக்கும் 'சன்பர்ஸ்ட்' வகையை எடுத்துக்கொள். 1958 முதல் 1960 வரை செய்தது இரண்டாயிரத்துக்கும் குறைவு, அன்றைய விலை முந்நூறு டாலர்கூட இல்லை. அதற்கே ஆள் இல்லாமல் நிறுத்திவிட்டார்கள். 1966-ல் ஜான் மேயாலின் ப்ளூஸ் குழுவோடு இங்கிலாந்து கிட்டார்காரர் எரிக் கிளாப்டன் அதை வாசித்த ஆல்பம் வந்த பிறகுதான் உலகம் தேட ஆரம்பித்தது. இன்றைக்கு அதே கிட்டார் லட்சக்கணக்கான டாலர். அதில் அடித்த சிவப்புச் சாயம் வெளிச்சத்தில் வெளுத்துப்போகும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வெளுத்து, ஒன்று எலுமிச்சை, ஒன்று தேன் நிறம். அந்த வெளுப்புக்கும் விலை!

கடையில் இன்னொன்றும் செய்தேன். இரண்டாயிரம் டாலருக்குப் புது ஸ்ட்ராட் ஒன்று இருந்தது. நான் சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன், கடைப் பையன் ஒரே ஆம்ப்பில் பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றி எட்டுத் தடவை வாசித்தான். நாலு சரி, நாலு தப்பு. 2010-ல் இண்டியானாபொலிஸில் வயலின்காரர்களுக்கே இப்படி ஒரு சோதனை வைத்தார்கள். 21 பேர், எது பழையது எது புதியது என்று யாருக்கும் தெரியாதபடி கறுப்புக் கண்ணாடி. அதிகம் பேருக்குப் பிடித்தது ஒரு புது வயலின். குறைவாகப் பிடித்தது உலகமே கொண்டாடும் பழைய ஸ்ட்ராடிவாரி வயலின் ஒன்று. இதை நான் முன்பு நம்பியதே இல்லை. நேற்று நம்பினேன்.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. காவ்யா காலேஜுக்காகப் போட்ட எஃப்.டி.யை உடைக்காதே. "விலை ஏறத்தானே செய்யும், முதலீடு" என்று எழுதியிருந்தாய். 2008-ல் பொருளாதாரம் சரிந்தபோது பழைய கிட்டார் விலையும் சேர்ந்து சரிந்தது, அந்த நேரம் கையில் பணம் தேவைப்பட்டவர்கள் கிடைத்த விலைக்குத் தள்ளினார்கள். காவ்யாவின் ஃபீஸ் கட்டும் மாசம் அப்படி ஒரு மாசமாக இருந்தால் என்ன செய்வாய்? இன்னொரு சிக்கல், அந்த 1963 கிட்டாரில் விரல் வைக்கும் பலகையான ஃபிங்கர்போர்டு பிரேசில் ரோஸ்வுட் மரம். 1992-லிருந்து அந்த மரம் கடும் கட்டுப்பாட்டில் இருக்கிறது. பெர்மிட் இல்லாமல் எல்லை தாண்டினால் கஸ்டம்ஸில் பறிமுதல் ஆகலாம்.

பணம் சும்மா கிடக்கிறவன் வாங்கட்டும், நான் குறை சொல்லமாட்டேன். அந்த நெக்கைத் தொட்ட பிறகு குறை சொல்ல எனக்கு வாய் வராது. உனக்கு வேண்டியது வாசிக்க ஒரு கிட்டார். வியர்வைக் கையோடு எடுக்க முடியாத, மழை பெய்தால் பெட்டியை விட்டு வெளியே வராத ஒன்றை வைத்துக்கொண்டு நீ என்ன வாசிப்பாய்? அந்தப் புது ஸ்ட்ராட்டை நான் ஒரு மணி நேரம் வாசித்துப் பார்த்தேன். நல்ல சாமான். அதையே எடுத்துவிடலாம், பாதிப் பணம் என்னுடையது. நான் உனக்குத் தர வேண்டிய பழைய மெஸ் பில் கணக்கில் கழித்துக்கொள்.

கடைக்காரர் வெள்ளிக்கிழமை வரை அந்தப் புது ஸ்ட்ராட்டை எடுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார், அதற்குள் ஒரு போன் போடு. ஜனவரி 9-ம் தேதி திருச்சிக்கு வருகிறேன், வாங்கினால் நானே தூக்கி வருகிறேன். பரணில் கிடக்கிற நம்மூர் கிட்டார் கிவ்சனையும் (கிப்சன் இல்லை) இறக்கி வை, அதற்கும் இரண்டு செட் ஸ்ட்ரிங் வாங்கிவிட்டேன். டேவிட் அண்ணனிடம் மட்டும் ஒன்பதாம் தேதியை இப்போதே சொல்லி வை, இல்லையென்றால் அவர் வேளாங்கண்ணி கிளம்பிவிடுவார்.

அன்புடன்,
முரளி